மிச்சமிருந்த வெல்ஸ்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' படம் பார்த்தேன். அவர் பேச்சைக் கேட்காமல் ஸ்டுடியோ வெட்டி ஒட்டி 1958இல் வெளியிட்டதாம். ஆனால் அந்த வடிவத்தைத்தானே பிரெஞ்சு விமர்சகர்கள் கொண்டாடினார்கள்? அப்படியென்றால் ஸ்டுடியோ செய்தது பெரிய தப்பில்லையே? எந்த வடிவத்தைப் பார்க்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

வெல்ஸ் கேட்டபடி திரும்பத் தொகுத்த 1998 வடிவத்தைப் பாருங்கள். அந்தக் கேள்வி முடிந்தது.

'பெரிய தப்பில்லையே' என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! மூக்குடைந்த சிலையையும் நாம் மணிக்கணக்கில் நின்று பார்க்கிறோம். உடைத்தவனுக்கு மாலையா போடுகிறோம்? த்ரூஃபோ போன்றவர்கள் கொண்டாடியது மிச்சமிருந்த வெல்ஸை. அமெரிக்காவில் இதை, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் இரட்டைக் காட்சியில் இரண்டாவது படமாகத் தள்ளினார்கள். முதல் படத்தின் இயக்குநர் யார் தெரியுமா? ஹாரி கெல்லர். வெல்ஸ் படத்துக்குக் கூடுதல் காட்சிகளை எடுத்துச் சேர்த்த அதே ஆள்!

ஸ்டுடியோ வெட்டியதைப் பார்த்துவிட்டு வெல்ஸ் அவர்களுக்கு 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். அதில் சண்டையே இல்லை. இங்கே இந்த ஒலி, அங்கே அந்த வெட்டு என்று பொறுமையாகக் கேட்கிறார். தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் காரின் டிக்கியில் வெடிகுண்டு வைக்கிறான். எல்லையோர ஊரின் தெருக்களில் கார் ஊர்கிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட். ஸ்டுடியோ அதன்மேல் டைட்டிலை ஓடவிட்டு, மான்சினியின் இசையையும் போட்டு மூடியது. வெல்ஸ் கேட்டது வேறு: கடந்து போகும் ஒவ்வொரு மதுக்கடையின் பாட்டும், கார் ரேடியோவும் வந்து வந்து மறைய வேண்டும். அவர் இறந்து 13 வருடம் கழித்து, படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அப்படியே செய்தார். இப்போது கார் கண்ணில் படாதபோதும் அந்த ரேடியோ பாட்டு நெருங்கினால் வயிற்றைக் கலக்குகிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். போனில் பார்த்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

என் கதை ஒன்று முன்பு ஒரு வார இதழில் வந்தது. கடைசி முக்கால் பக்கத்தைக் காணோம், அங்கே பல்பொடி விளம்பரம். கிழவி தாழ்ப்பாளில் கை வைப்பதோடு கதை நின்றது. நான் எழுதியதில் அவள் கதவைத் திறந்து, வந்தவனுக்குப் பழைய சோறு போடுவாள். அந்தச் சோற்றுக்காகத்தான் கதையே. பதினோரு கடிதம் வந்தது. 'முடிவைச் சொல்லாமல் விட்டீர்களே, அபாரம்' என்று ஒரு பேராசிரியர் நாலு பக்கம் எழுதியிருந்தார்.

நன்றி என்று கார்டு போட்டேன்.