சத்துணவுக்கு முந்தைய ஆயிரம் நாள்கள்

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் சத்துணவு வழங்கப்படுகிறது; அங்கன்வாடியில் சத்துமாவும் தருகிறார்கள். அப்படியிருந்தும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பலர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பது ஏன்? – ஆசிரியை ஒருவர், தருமபுரி.

பதில்: சத்துணவு, பள்ளிக்கு வரும் பிள்ளைக்கான திட்டம். உயரக்குறைவோ, தாய் கருவுற்றது முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவது வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாள்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்தியாவில் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் சுமார் 11 விழுக்காடுதான் என்றும் அதே ஆய்வு காட்டுகிறது.

இந்த இடைவெளியைத் தமிழ்நாடு அறியாமல் இல்லை. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் இணையுணவு கொடுத்து, எடை தேறியதும் நிறுத்தினார்கள். இரண்டாண்டு கழித்து வந்த சத்துணவுத் திட்டத்தின் புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஊர்ப் பெண் ஒருவரே பணியாளராக வந்து, எடை ஏன் ஏறவில்லை என்று தாயோடு உட்கார்ந்து பேசியதுதான், கொடுத்த மாவைவிடப் பெரிய உதவி என்பது என் கருத்து.

இன்றும் வீடுகளில் நடக்கும் பிழை, ஆறு மாதம் முடிந்தபின் பருப்புத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியுமே கொடுப்பதுதான். குழந்தையின் சிறிய வயிறு நீரால் நிறைந்துவிட்டால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் குழைத்த பருப்புச் சோறு, சிறிது நெய், மசித்த கீரை, முட்டை, வாழைப்பழம் ஆகியவற்றை எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும், தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது, மலமும் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா? பிள்ளை பெருத்தால் சுகப்பிரசவம் ஆகாது என்று உணவைக் குறைக்கச் சொல்வது சரியா? – வாசகி, விருதுநகர்.

பதில்: இரண்டும் வேண்டாம். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பான விளைவு, அஞ்ச வேண்டியதில்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் விழுங்கட்டும். அப்போதும் தொடர்ந்தால் கிராமச் செவிலியரிடம் சொல்லலாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளையில்தான் எடுக்க வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவை இரும்பு உடலில் சேர உதவும். கர்ப்பத்தில் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர வேண்டும்.

உணவைக் குறைத்தால் எடை குறைந்த குழந்தையே பிறக்கும். அத்தகைய குழந்தைக்கு நோயும் இறப்பும் அதிகம். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமானால், அதை மாற்றும் அதிகாரம் மாமியாரான உங்களிடம்தான் இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரக்கூடிய எதையும்விட அது பலன் தரும்.

கேள்வி: பதினான்கு வயதுப் பேத்திக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு? – வாசகர், அரியலூர்.

பதில்: அந்த நீல மாத்திரை இரும்புச்சத்து மாத்திரைதான். நோய் தெரியவில்லை என்பதால் குறை இல்லை என்றாகாது. முன்சொன்ன ஆய்வில் தமிழ்நாட்டின் 15–19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. வளர்ச்சியும் மாதவிடாயும் ஒன்றாக இரும்பைக் கேட்கும் வயது இது. இக்குறையோடே கருவுற்றால் ஒன்பது மாதத்தில் அதை ஈடுசெய்வது கடினம். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாமல் மதிய உணவுக்குப்பின் விழுங்கச் சொல்லுங்கள். பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாளன்று விடுப்பு எடுக்கவும் விடாதீர்கள்.