டோக்கியோவில் ஒரே ஒரு நாள். பழைய ஜப்பானியக் கலைப்பொருட்களைப் பார்க்க அருங்காட்சியகம் போவது வீணா?

"கோயில், கடைத்தெரு எல்லாம் இருக்கும்போது மியூசியத்தில் பானையும் வாளும் பார்ப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், அவர்களுக்குப் போரடிக்குமோ என்று பயம். அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். போங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களை எல்லாம் உவேனோ பகுதியில் இருக்கும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போகிறவன் என்று உறவில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் கலை வரலாறு படித்தவன் இல்லை, மென்பொருள் வேலை. "கியோட்டோவை விட்டுவிட்டு இதென்ன பெரிய மியூசியம்" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள், கேள்வியில் ஒரு நாள்தான் இருக்கிறது என்பதையும் படித்துவிட்டு வரவும்.

என் பெரியப்பா காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போட்டவர். முழங்கால் வலி வந்தபின்தான் தறிக் குழியிலிருந்து எழுந்தார். என் பையன் பிறந்தபோது அப்பா அம்மாவோடு இங்கே வந்தார். டிக்கெட் 1000 யென். எழுபது தாண்டியவர் என்பதால் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அவரை இலவசமாக விட்டார்கள். அதிலேயே அவருக்குப் பாதி திருப்தி.

பிரதான கட்டடம் 1938இல் திறந்தது. 1923 நிலநடுக்கத்தில் பழையது சேதமானதால் எழுப்பியது. மாடியில் காலவரிசைப்படி, கற்கால மண்பாண்டத்திலிருந்து வரிசையாக வைத்திருப்பார்கள். கீழே வாள், அரக்குப் பூச்சு வேலை, பீங்கான், சிற்பம் என்று வகைவாரியாக. அம்மா சிற்பங்களைப் பார்த்துக் கும்பிட்டார். சாமுராய் கவசங்களை அப்பா போட்டோவாக எடுத்துத் தள்ளினார். பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரேஷன் வரிசையில் நிற்பவர் போல நகர்ந்து வந்தார்.

மாடியில் நோ என்கிற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்தின் உடைகள் இருக்கும் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். எடோ காலத்து (1603–1868) பட்டு அங்கி ஒன்று, உடம்பு முழுக்கப் பூ. ஜப்பானில் இந்த வகைக்குக் கராஓரி என்று பெயர். எம்ப்ராய்டரி மாதிரி இருக்கிறதே என்று நான் வாயை விட்டேன்.

"ஊசி வேலை இல்லடா. ஊடையிலேயே எடுத்தது. பூ வர்ற இடத்துல மட்டும் நூலை மேல மிதக்க விட்டிருக்கான் பாரு" என்றார். ஊடை என்றால் தறியில் குறுக்கே ஓடும் நூல்.

விளக்க அட்டையில் இருந்ததும் அதுதான். அவருக்கு அந்த அட்டை தேவைப்படவில்லை.

மின்னும் இழையைக் காட்டி ஜரிகையா என்று கேட்டார். நம் ஊரில் பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவோம். இங்கே தங்க ரேக்கைக் காகிதத்தில் ஒட்டி, அந்தக் காகிதத்தை மயிரிழையாக நறுக்கி, ஊடையாகச் செருகியிருக்கிறார்கள். சொன்னதும், "காகிதத்தையா நெய்யறான்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். மூலையில் நாற்காலியில் இருந்த பணியாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

சிவப்பு நூல் கலந்திருந்தால் இளம்பெண் வேடம், சிவப்பே இல்லையென்றால் வயது கூடிய பெண்ணின் வேடம், உடுத்துவது பெரும்பாலும் ஆண்கள் என்று படித்துக் காட்டினேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குனிந்து, எக்கி என்று பார்த்துக்கொண்டே இருந்தார். துணியின் பின்பக்கம் தெரியவேண்டுமாம். "முன்பக்கம் யார் வேணா பாக்கலாம். நெய்யறவன் கையைப் பின்னாடி திருப்பினாத்தான் தெரியும்." அந்த ஒரு விஷயத்தில் மியூசியக்காரர்கள் மேல் அவருக்குக் கடைசிவரை குறைதான். வெளிச்சமும் போதவில்லை என்றார். சாயம் வெளுக்காமல் இருக்க வேண்டுமென்றே மங்கலாக வைப்பது என்றதும்தான் சமாதானமானார்.

"ஜப்பான்காரன் பாதுகாக்கிறான், நாம் விட்டுவிட்டோம்" என்று புலம்பப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். கியோட்டோ நிஷிஜின் தறிக்காரர்களே 1870களில் பிரான்ஸின் லியோனுக்கு ஆள் அனுப்பி, துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூ வேலை நெய்யும் ஜக்கார்டு கருவியைக் கொண்டுவந்தவர்கள்தான். இன்று அங்கேயும் தறியில் உட்காருகிறவர்களுக்கு வயதாகிவிட்டது.

இதே இடத்துக்கு என் மச்சான் ஒருவரும் வந்தார். கால் மணி நேரத்தில் "எல்லாம் பார்த்தாச்சு" என்று வெளியே போய் போனை நோண்டினார். அன்று மாலை சமையல் கத்தி, கிட்கேட், வலி பிளாஸ்டர் என்று கடை கடையாக ஏறி இறங்கி, பெட்டியில் எடை கூடியதும் பாதியை என் தலையில் கட்டினார், "நீ வரும்போது கொண்டு வா" என்று. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அவர் கூரியர் கம்பெனி என்று யார் சொல்லிவைத்தது? சரி, விடுங்கள்.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டுப் பெரியவர் என்ன தொழில் செய்தார் என்று பார்த்து அந்த அறைக்கு முதலில் போங்கள். தச்சரா, கொல்லரா, சமையல்காரரா, எல்லாருக்கும் ஏதாவது இருக்கிறது. மற்றதை ஓட்டமாகப் பார்த்தாலும் குற்றமில்லை. குறிப்பிட்ட ஒரு பொருளை நம்பிப் போகாதீர்கள். துணியும் ஓவியமும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறும். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹசெகவா தோஹாகு வரைந்த புகழ்பெற்ற பைன் மரத் திரை பெரும்பாலும் புத்தாண்டையொட்டித்தான் வெளியே வரும். இணையதளத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திங்கள் விடுமுறை, திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் திறந்திருக்கும், மறுநாள் மூடுவார்கள். காலை 9.30க்கே போய்விடுங்கள். அசகுசா கோயில் வளாகம் இரவிலும் திறந்தே இருக்கும், உவேனோவிலிருந்து கின்சா ரயிலில் ஐந்து நிமிடம்தான். அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.