தரங்கம்பாடிக்கு ரெண்டு நாள்: கேட்டவையும் சொன்னவையும்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து தரங்கம்பாடிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கேட்டவை இவை. நான் அங்கே பலமுறை போய் வந்தவன்.

தேவகோட்டையிலிருந்து: கோட்டைக்குள்ளேயே தங்கலாமாமே அண்ணே?

இல்லை தம்பி. டேனிஷ் கோட்டை இப்போது அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். கோட்டைக்குப் பக்கத்தில் பழைய பங்களாக்களை விடுதியாக்கியிருக்கிறார்கள், அங்கே தங்கலாம். எந்த ஜன்னல், எந்தத் திசை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 'கடல் பார்த்த அறை' என்று ஒரு இடத்தில் எடுத்தேன். திரையை விலக்கினால் தண்ணீர்த் தொட்டி.

பள்ளத்தூரிலிருந்து: பிள்ளைகள் அரை மணியில் சலித்துவிடுவார்களே?

கதை சொல்லிக் கூட்டிப்போங்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது. நாயக்கர் தங்க ஓலையில் கடிதம் கொடுத்தார். அது இன்றும் டென்மார்க்கில் இருக்கிறது. கீழே கிட்டங்கி, வெடிமருந்து அறை, சிறை. மேலே கவர்னர் வீடு. வெயிலில் நடந்து கீழறைக்குள் நுழைந்தால் நம் வீட்டு இரண்டாங்கட்டில் கால் வைத்தது போலக் குளிரும். 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டார்கள். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

வெளியே வந்ததும் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், 1718. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் இந்த ஊரில்தான் அச்சானது. கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

காரைக்குடியிலிருந்து: மாமியாருக்கு முழங்கால் வலி. கூட்டிவரலாமா?

தாராளமாக, ஆச்சி. மேல்தளப் படியை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்குக் கோட்டையைவிடத் திருக்கடையூர் அபிராமிதான் பிடிக்கும், பத்து கிலோமீட்டருக்குள். இன்னும் வடக்கே போனால் பூம்புகார். நகரத்தார் புறப்பட்டு வந்த ஊர் என்று அப்பத்தாக்கள் சொல்லும் காவிரிப்பூம்பட்டினம் அதுதான். பட்டினத்தார் பிறந்த ஊரும் அதுவே. அதைப் பார்க்காமல் திரும்பினால் மாமியாரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து: எந்த வழி நல்லது?

அறந்தாங்கி போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா வரும், இறங்கிப் பாருங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகச் சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். சுற்றிலும் மதிலும் அகழியும். பிறகு அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகை, காரைக்கால். காரில் ஐந்து மணி நேரம் வையுங்கள்.

கோனாபட்டிலிருந்து: கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறது, அலையும் இழுக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கோட்டைக்கு முன்னால் உட்காருங்கள், சூரியன் நேரே எதிரில் வரும். அந்நேரத்துக்குக் கடை திறந்திருக்காது. தூக்குவாளியில் மாவுருண்டை எடுத்துப்போங்கள்.