ஹஜ் பயணிகள் வெப்பத் தாக்குக்கு உள்ளாவதற்கு வெயிலின் அளவு மட்டும்தான் காரணமா?

ஹஜ் புறப்படுவோருக்கான பயிற்சி வகுப்புகளில் உடல்நலம் குறித்துப் பேசி வருபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். வெயில் முதன்மையான காரணம்தான். ஆயினும் கைப்பேசி காட்டும் டிகிரியை மட்டும் கொண்டு ஆபத்தை அளந்துவிட முடியாது.

நமது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், உடலுக்குள் உண்டாகும் வெப்பம் வெளியேறுவதற்கு வியர்வை ஆவியாவது ஒன்றே வழியாக எஞ்சுகிறது. ஈரப்பதம் கூடும்போது அந்த வழியும் அடைபடுகிறது. ஆகவே, 45 டிகிரி வறண்ட வெயிலைத் தாங்கிய ஒருவர் 38 டிகிரிப் புழுக்கத்தில் சுருண்டு விழக்கூடும். வறண்ட வெயிலிலும் ஒரு சூழ்ச்சி உண்டு: வியர்வை சுரந்த கணமே உலர்ந்துவிடுவதால், தமக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிப் பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நேரடி வெயிலும், சூடேறிய தரையிலிருந்து எழும் அனலும் நிழலில் எடுக்கப்படும் வெப்ப அளவில் தெரிவதில்லை. இரவிலும் வெப்பம் தணியாவிட்டால், முதல் நாள் களைப்பிலிருந்து மீளாத உடலோடுதான் மறுநாள் நடக்க வேண்டியிருக்கும்.

2024 ஜூன் 17 அன்று மக்காவின் புனிதப் பள்ளிவாசலில் 51.8 டிகிரி பதிவானது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக அறிவித்த சவூதி அரசு, அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலோ தங்குமிடமோ இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் கூறியது. வானிலை அனைவருக்கும் ஒன்றாக இருந்தும், குளிரூட்டப்பட்ட கூடாரம் யாருக்குக் கிடைத்தது என்பதே பெரும் வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

சந்திர நாட்காட்டியின்படி ஹஜ் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருவதால், இனிச் சில ஆண்டுகள் அது கோடையை விட்டு விலகியே இருக்கும். ஆனால், ஈரப்பதம் மிகுந்த கோடையின் பிற்பகுதியில் ஹஜ் வரவிருக்கும் 2047 முதல் 2052 வரையான ஆண்டுகளைக் குறித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்திருக்கிறது.

ஹஜ்ஜின் முக்கியக் கடமையாக மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா வெளியில் தங்கும் நேரத்தை, ஹஜ் நடைபெறும் இஸ்லாமிய மாதமான துல்ஹஜ்ஜின் பிறை 9 நண்பகலிலிருந்து நம் வசதிக்காக வேறு நாளுக்கு மாற்ற இயலாது. நிழலையும் நீரையும்தான் கூட்டிக்கொள்ள முடியும். இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான கட்டுப்பாடுகளை ஏற்றுத் தனி உடை அணிந்திருக்கும் நிலையில், ஆண்கள் தொப்பி அணியலாகாது என்றாலும் குடை பிடிக்கத் தடையில்லை. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். உடன் வருபவர் உளறினாலோ தள்ளாடினாலோ உடனே மருத்துவ உதவியை அழைத்து, அது வரும் வரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிற வேண்டும். இது காய்ச்சல் அன்று என்பதால் பாராசிட்டமால் இங்கே பயன்படாது.