நவஹோ வீரனும் சூப்பர்ஹீரோவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின், அரக்கர்களைக் கொல்லும் தெய்வம் நயேநெஸ்கானி பற்றிச் சமீபத்தில் படித்தேன். அப்பா சூரியன், கையில் மின்னல் அம்பு, உடம்பில் கல் கவசம். வட ஐரோப்பியத் தொன்மத்தின் இடிக்கடவுள் தோரை சூப்பர்ஹீரோ ஆக்கியதுபோல இவரையும் ஆக்கினால் என்ன? இன்றைய வில்லனாக யுரேனியச் சுரங்கத்தை வைக்கலாம். நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

நான் எழுத மாட்டேன். தோரை வைத்து யாரும் எதுவும் செய்யலாம், கேட்க ஆளில்லை. நயேநெஸ்கானி இன்றும் சடங்குகளில் பாடப்படுகிறவர். அவர் கதையைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லவேண்டும் என்பது மரபு. கோடை விடுமுறைக்கு ரிலீஸ் செய்ய முடியாத சூப்பர்ஹீரோ! எழுதுவதானால் ஒரு நவஹோ எழுத்தாளர் எழுதட்டும்.

ஆனால் ஒரு வாசகனாக எனக்கு ஆசைகள் உண்டு. நீங்கள் சொன்ன ஆயுதங்கள் எல்லாம் கதையின் முன்பாதி. நயேநெஸ்கானியும் அவன் இரட்டைச் சகோதரனும் சிலந்திப் பெண் என்ற தெய்வத்தின் உதவியோடு சூரியனிடம் போகிறார்கள். அவன் சோதித்துப் பார்த்தபிறகுதான் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்கிறான். அவர்கள் கொல்லக் கேட்பது யெயிட்சோ என்ற ராட்சதனை. அவனும் சூரியனின் மகன்தான். அப்பன் தயங்குகிறான், பிறகு முதல் அடியைத் தானே அடிக்கிறான். நியூ மெக்ஸிகோவில் டெய்லர் மலைப்பக்கம் உறைந்து கிடக்கும் கரிய எரிமலைக் குழம்பை யெயிட்சோவின் ரத்தம் என்கிறார்கள்.

அப்புறம் வருவதுதான் எனக்கு முக்கியம். பெரிய அரக்கர்களை முடித்துவிட்டு நயேநெஸ்கானி முதுமை, வறுமை, பசி ஆகியோரையும் கொல்லப் போகிறான். அவர்கள் சண்டை போடுவதில்லை, பேசுகிறார்கள். நாங்கள் செத்தால் துணி கிழியாது, யாரும் புதிதாக எதையும் செய்ய மாட்டார்கள் என்கிறது வறுமை. சாப்பாட்டில் ருசியே போய்விடும் என்கிறது பசி. சரி என்று விட்டுவிடுகிறான்! இத்தனை கொன்றதில் அவனுக்கே உடம்பு கெட்டு, சடங்கு செய்துதான் தேறுகிறான். அதன் வழிவந்த 'எதிரி வழி' சடங்கை இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய நவஹோ வீரர்களுக்கும் செய்தார்கள். நம் சினிமா நாயகர்கள் நூறு பேரை அடித்துவிட்டு அடுத்த காட்சியில் டூயட் பாடப் போவார்கள்.

யுரேனியம் நல்ல தேர்வு. நவஹோக்களே அதை அரக்கர் வரிசையில் வைத்துப் பேசுவதுண்டு. 1944 முதல் 1986 வரை அவர்கள் நிலத்திலிருந்து சுமார் 3 கோடி டன் தாது வெட்டப்பட்டது. காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் வேலை பார்த்த பலர் நுரையீரல் புற்றுநோயில் செத்தார்கள். 1979 ஜூலையில் நியூ மெக்ஸிகோவின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலைக் கழிவுக்குட்டையின் கரை உடைந்து கதிரியக்க நீர் புவெர்க்கோ ஆற்றில் கலந்தது. ஆனால் இந்த வில்லன் வெளியிலிருந்து வந்தவன் இல்லை. பல்லாண்டுகள் அந்தத் தாதுவை வாங்கியது அமெரிக்க அரசு. இரண்டாம் உலகப்போரில் நவஹோ மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய வீரர்கள் சீருடை போட்டதும் அதே அரசுக்காகத்தான். யெயிட்சோ மாதிரியே, ஒரே அப்பன். கேப் மாட்டிய ஒருவன் பறந்துவந்து குத்தினால் தீருமா?

2005-ல் நவஹோக்களின் தன்னாட்சி அரசான நவஹோ நேஷன் தன் நிலத்தில் யுரேனியம் எடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கைவிடப்பட்ட 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களைச் சுத்தம் செய்யும் வேலை இன்னும் பாக்கி. அந்த வேலையிலிருந்து தொடங்கும் காமிக்ஸ் வந்தால் சொல்லுங்கள், முதல் இதழை வாங்கிவிடுகிறேன்.