எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் எண்ணெய்: எதற்கு வாங்குகிறீர்கள்?

கேள்வி: சளிக்கு ஆவி பிடிக்கலாம் என்று 'லெமன் யூகலிப்டஸ்' எசன்ஷியல் ஆயில் வாங்கினேன். திறந்தால் சோப்புக் கட்டி போல எலுமிச்சை வாசனைதான் வருகிறது. நீலகிரித் தைலத்தின் அந்தக் காரமான நெடி துளியும் இல்லை. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: நெடி இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அசல் எண்ணெயும் இப்படித்தான் மணக்கும். தவறு நடந்திருந்தால் அது பெயரால் வந்த குழப்பம்தான்.

நாம் நீலகிரித் தைலம் என்று சொல்வது பெரும்பாலும் யூகலிப்டஸ் குளோபுலஸ் மரத்தின் இலையில் வடித்தது. மருந்துத் தரத்தில் அதில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் சினியோல் இருக்க வேண்டும். மூக்கில் ஜிவ்வென்று ஏறுவது அந்த சினியோல்தான். நீங்கள் வாங்கியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியைச் சொந்த இடமாகக் கொண்ட வேறொரு மரத்தின் எண்ணெய். அதில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால். சினியோல் பெயருக்குத்தான் இருக்கும். சிட்ரோனெல்லா புல் எண்ணெயில் இருக்கும் அதே பொருள் என்பதால்தான் வாசனையும் அந்தப் பக்கம் போகிறது.

ஆகவே மூக்கடைப்புக்கு இது சரியான பாட்டில் இல்லை. இதைச் சுடுதண்ணீரில் விட்டு முகத்தைக் காட்டினால் கண் எரிவதுதான் மிச்சம். விற்பனைப் பக்கத்தில் 'சளி, மூக்கடைப்பு நீங்கும்' என்று எழுதியிருந்தார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 'திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்பார்கள். சொன்ன பயனும் உள்ளே இருக்கும் பொருளும் வேறு வேறு என்பதுதான் உங்கள் வாதம்; அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு லேபிளில் 'யூகலிப்டஸ் சிட்ரியோடோரா', இன்னொன்றில் 'கொரிம்பியா சிட்ரியோடோரா', மூன்றாவதில் 'யூகலிப்டஸ் ஸ்டைகேரியானா' என்று இருக்கிறது. எல்லாமே எலுமிச்சை வாசனை என்கிறார்கள். விலை மட்டும் எங்கேயோ இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: முதல் இரண்டும் ஒரே மரம், மேலே சொன்ன லெமன் யூகலிப்டஸ்தான். 1995-இல் தாவரவியலாளர்கள் அதை யூகலிப்டஸ் பேரினத்திலிருந்து கொரிம்பியாவுக்கு மாற்றினார்கள். வியாபாரிகள் பலர் பழைய பெயரை விடவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வேறு மரம். அதன் வாசனை சிட்ரால், லிமோனின் ஆகியவற்றிலிருந்து வருகிறது. நிஜ எலுமிச்சைத் தோலுக்கு அதுதான் நெருக்கம். கெட்ட எண்ணெய் இல்லை, ஆனால் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

லேபிளில் தாவரப் பெயர், இலையிலிருந்து நீராவியில் வடித்தது என்ற குறிப்பு, விளைந்த நாடு, பேட்ச் எண் இவை வேண்டும். எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கையை அந்த பேட்ச்சுக்குக் கேட்டால் நல்ல விற்பனையாளர் கொடுத்துவிடுவார். அதில் முதலில் பார்க்க வேண்டியது சிட்ரோனெல்லால் அளவு. நல்ல எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருப்பது சாதாரணம். ஆனால் செயற்கை சிட்ரோனெல்லாலைக் கலந்தும் அந்த அளவை ஏற்றிவிட முடியும். அதனால் சிட்ரோனெல்லோல், ஐசோபுலிகோல் போன்ற மற்றவையும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

'தெரப்யூட்டிக் கிரேடு' என்ற முத்திரைக்காக ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். அப்படி எந்த அரசுத் தரமும் கிடையாது, விற்பவரே ஒட்டிக்கொள்வது. இது ரோஜா எண்ணெய் போல அரிய சரக்கும் அல்ல. மலைக்க வைக்கும் விலை என்றால் பிராண்டுக்குத்தான் காசு. இன்னொரு பக்கம், சந்தனம், ரோஜா, லெமன் யூகலிப்டஸ் எல்லாம் ஒரே விலையில் வரிசையாக நின்றால் அவை வெறும் ஃபிராக்ரன்ஸ் ஆயில், அதாவது செயற்கை வாசனை எண்ணெய் என்று சந்தேகப்படலாம்.

காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்கிறார்கள். காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். கறை நிற்கவில்லை என்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. செயற்கை வாசனைப் பொருளும் ஆவியாகித்தான் போகும்.

கேள்வி: கொசு விரட்ட இதைக் குழந்தைக்குப் பூசலாமா? 'ஆயில் ஆஃப் லெமன் யூகலிப்டஸ்' என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கொசு விரட்டிப் பட்டியலிலேயே இருக்கிறதே!

பதில்: இருக்கிறது, ஆனால் அது உங்கள் கையில் உள்ள பாட்டில் அல்ல. சிடிசி சொல்வது பிஎம்டி என்ற பொருள் செறிவாக்கப்பட்ட, கொசு விரட்டியாகப் பதிவு பெற்ற தயாரிப்பு. இலை எண்ணெயில் இயற்கையாக பிஎம்டி மிகக் குறைவு; சிட்ரோனெல்லாலைப் பதப்படுத்தித்தான் அதைப் பெருக்குகிறார்கள். அரோமாதெரபி பாட்டிலில் இருப்பது பதப்படுத்தாத எண்ணெய். அது சீக்கிரம் ஆவியாகிவிடும், எவ்வளவு நேரம் காக்கும் என்று யாரும் சோதித்து உறுதி சொல்லவில்லை. டெங்கு, மலேரியா உள்ள இடத்தில் இதை நம்பி இருக்காதீர்கள். பதிவு பெற்ற தயாரிப்பையே கூட 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக் கூடாது என்கிறது அதே சிடிசி.

கேள்வி: சரி, அப்படியென்றால் இதை எதற்குத்தான் பயன்படுத்துவது? வாசனையைக் காற்றில் பரப்பும் டிஃபியூசரில் எத்தனை சொட்டு? வீட்டில் பூனை இருக்கிறது, அம்மாவுக்கு ஆஸ்துமா.

பதில்: வாசனைக்கு! சமையல் வாடை, மூடிக் கிடந்த அறையின் புழுக்க நெடி, இதற்கெல்லாம் இதைவிடப் பளிச்சென்ற எண்ணெய் குறைவு. தனியாக வைத்தால் கொஞ்சம் கடுமையாக இருக்கும். லாவெண்டரோ தேவதாருவோ சேர்த்தால் இறங்கி வரும்.

தண்ணீர் ஊற்றும் அல்ட்ராசோனிக் டிஃபியூசரில் 100 மில்லிக்கு 3 சொட்டில் ஆரம்பியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடலாம். மூக்கு பழகிப்போய் வாசனை போய்விட்டது என்று தோன்றும், அதற்காகச் சொட்டைக் கூட்டாதீர்கள். வெளியே போய் வந்து முகர்ந்தால் அறை நிறைய மணப்பது தெரியும்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எந்தக் கடுமையான வாசனையும் ஆஸ்துமாவைக் கிளப்பலாம். பூனையின் கல்லீரல் இத்தகைய பொருள்களை நம்மைப் போல எளிதில் வெளியேற்றாது. காற்றில் வரும் துளி ரோமத்தில் படிந்தால் அது நக்கியே விழுங்கிவிடும்.

கேள்வி: மசாஜுக்கு?

பதில்: நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. 30 மில்லி பாதாம் அல்லது தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு, அதாவது சுமார் 1 சதவீதம். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிட்ரோனெல்லால் சிலருக்கு ஒவ்வாமை தரும். குடிப்பது, தேநீரில் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பழைய பாட்டிலில் வாசனை புளித்த மாதிரி மாறிவிட்டது. சொட்டு விடும் ரப்பர் குமிழும் பிசுபிசுவென்று ஊதிக் கிடக்கிறது.

பதில்: ரப்பரை எண்ணெய் தின்றுவிட்டது. இனி வாங்கும்போது வாயில் சிறு பிளாஸ்டிக் அடைப்பு வைத்த, மேலே நிறம் பூசாமல் கண்ணாடியே அடர் பழுப்பாக இருக்கும் பாட்டிலாகப் பாருங்கள். 10 மில்லி போதும். காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த எண்ணெய் தோலை அதிகம் உறுத்தும். அதனால் அதை மசாஜுக்கோ டிஃபியூசருக்கோ எடுக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் தொட்டுக் குப்பைத் தொட்டியின் அடியில் வைத்துத் தீர்த்துவிடலாம். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.