மாமனார் வாசிக்கும் கால் மணி நேரம்

கேள்வி: நான் மதுரைப் பெண். கணவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், என் மாமனார் நாற்பது ஆண்டுகளாகக் கறுப்பின மக்களுக்கான வானொலி நிலையம் நடத்துகிறார். இப்போது கடன் ஏறிவிட்டது. பெரிய நிறுவனம் ஒன்று நல்ல விலைக்குக் கேட்கிறது. நிலையத்தின் பெயரை மாற்ற மாட்டோம் என்கிறது. மாமனாருக்கு எண்பது வயது. தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் இறப்பு அறிவிப்புகளை அவரேதான் வாசிப்பார். அந்தக் கால் மணி நேரத்துக்கு விளம்பரம் வாங்க மாட்டார். மாமியார் இறந்த மறுநாளும் மற்றப் பெயர்களோடு சேர்த்து வாசித்தார். விலை பேசுவது அவருக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அந்த வழியை நான் சொல்லப்போவதில்லை, அம்மா. கட்டிய மனைவியின் பெயரை ஊரார் பெயர்களுக்கு நடுவில், குரல் உடையாமலோ உடைந்தோ, அந்த மனிதர் வாசித்திருக்கிறார். நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு விலைக்குப் போய்விட்டீர்கள். மதுரைப் பக்கம் சாவுச் சேதி சொல்ல வீடு வீடாக ஆள் போவது உங்களுக்குத் தெரியாதா? அந்த ஊரில் அந்த வேலையை உங்கள் மாமனாரின் குரல் செய்கிறது. அதற்குக் காசு வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி நிலையம் அன்று வெள்ளை முதலாளிகளுடையதாக இருந்தது. ஆனாலும் 1949-க்குள் முழுக்கக் கறுப்பின மக்களுக்கான நிலையமாக மாறியது. காணாமல் போன பிள்ளைகளைக்கூட அறிவிப்புச் செய்து தேடித் தந்தது. அதை நடத்திய பெர்ட் ஃபெர்குசன் அதே ஊரில் இருந்தார் என்பதை மறக்காதீர்கள். உங்களுக்கு அருகே அட்லாண்டாவில், அதே 1949-இல், ஜெசி பிளேட்டன் என்ற கணக்காளர் டபிள்யூ.ஈ.ஆர்.டி. நிலையத்தை வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக்கிய முதல் அமெரிக்க வானொலி அதுதான். உங்கள் மாமனார் அந்த வழியில் வந்தவர்.

பெயரை மாற்ற மாட்டார்களாம்! நாடு முழுவதும் ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. ஒலிபரப்புக் கூடம் உள்ளூரிலோ பக்கத்திலோ இருக்க வேண்டும் என்ற விதியும் 2017-இல் போய்விட்டது. பெயர்ப் பலகை அங்கேயே தொங்கும். பேசுகிறவர் ஆயிரம் மைல் தள்ளி இருப்பார். உங்கள் தெருவில் யார் இறந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கடன் பொய்யென்று சொல்லவில்லை. விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஊருக்குள் கேளுங்கள். இத்தனை ஆண்டுகளாக அந்த அறிவிப்புகளால் பயன்பெற்ற தேவாலயச் சபைகள் இருக்கின்றன, இறுதிச்சடங்கு நடத்தித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பங்காகச் சேர்ந்து வாங்க முடியுமா என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவருக்குத் தெரியாமல் விலை பேசுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. அது கைமாற அரசின் தகவல் தொடர்பு ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு அவர் கையெழுத்தும் வேண்டும். பெற்ற தகப்பனுக்கு அந்தச் சேதி ஒரு காகிதத்தின் வழியாகவா போய்ச் சேர வேண்டும்?

நாளைக் காலை ஏழு மணிக்கு முன்பே இருவரும் நிலையத்துக்குப் போங்கள். அவர் வாசித்து முடித்து ஒலிவாங்கியை அணைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பிறகு உங்கள் கணவரே தன் வாயால் எல்லாவற்றையும் சொல்லட்டும்.